ஒன்றும் வராத இடம்

தங்கத்தைத் தேடிப் பூமிக்குள் இறங்கியவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். நிலக்கரியைத் தேடி இறங்கியவர்களைத் தெரியும். புதையல் இருப்பதாக எவனோ சொன்னதைக் கேட்டுக் கொல்லைப்புறத்தையே கொத்திப் போட்ட தாத்தாக்கள்கூட நம்மில் சிலருக்கு உண்டு. ஆனால், 'ஒன்றுமே வராத இடம் எங்கே இருக்கிறது?' என்று தேடிக்கொண்டு பூமிக்குள் ஒன்றரை மைலுக்கு மேல் இறங்கி, அங்கே கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் 'ஒன்றும் வரவில்லை!' என்று மனநிறைவோடு மேலே ஏறி வந்தவர்களைப் பற்றிச் சொன்னால், நம்புவதற்குச் சிறிது கஷ்டமாகத்தான் இருக்கும்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஏதாவது நடந்தால்தான் எனக்கு வேலை. ஒன்றும் நடக்காத இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு என்னால் அரை அத்தியாயம்கூட எழுத முடியாது. அப்படியிருக்க, அந்த ஒன்றும் நடக்காத இரண்டு மாதமே பௌதிக சாஸ்திரத்தில் ஒரு நல்ல அத்தியாயத்துக்குத் தொடக்கமாயிற்று என்று கேள்விப்பட்டபோது, அது என்ன விஷயம் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அதிலும், நடந்த இடம் நமக்கு அந்நியமான இடம் இல்லை. கோலார் தங்கவயல்.

விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வீடு அடங்கிய பிறகு, சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறதல்லவா? அது திடீரென்று இரவில் சொட்ட ஆரம்பிப்பதில்லை. பகல் முழுவதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. பாத்திரம் தேய்க்கிற சத்தத்திலும், டெலிவிஷன் சத்தத்திலும், பக்கத்து வீட்டுப் பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தத்திலும் அது நம் காதுக்கு எட்டவில்லை. சொட்டுச் சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் குழாயின் அருகில் போய் நின்றால் மட்டும் போதாது; வீடு அடங்க வேண்டும். கோலாரில் நடந்த காரியம் இவ்வளவுதான். உலகத்திலேயே மிக மெல்லிய சொட்டு ஒன்றைக் கேட்பதற்காக, நன்றாக அடங்கிய ஒரு வீட்டைத் தேடிப் போனார்கள்.

வீட்டில் அப்படி என்ன சத்தம் என்று கேட்பீர்கள். ஆகாயத்திலிருந்து வருகிற சத்தம். 1912-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆஸ்திரியாவைச் சேர்ந்த விக்டர் ஹெஸ் என்பவர் ஒரு பலூனில் ஏறி, 5,000 மீட்டருக்கு மேல் போனார். பூமியிலுள்ள கதிரியக்கப் பொருள்களிலிருந்துதான் கதிர்கள் வருகின்றன என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அப்படியானால் மேலே போகப் போகக் கதிர் குறைய வேண்டும். ஹெஸ்ஸின் கருவி வேறு மாதிரி சொல்லிற்று. உயரே போகப் போகக் கதிர் அதிகமாயிற்று. ஆகவே, பூமிக்கு வெளியேயிருந்து ஏதோ வந்து ஓயாமல் நம்மேல் விழுந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அதற்குத்தான் காஸ்மிக் கதிர் என்று பெயர்.

இந்தக் கதிர் பெரும்பாலும் புரோட்டான்கள். அவை எங்கேயோ பிரபஞ்சத்தில் கிளம்பி வந்து, நம் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதுகின்றன. மோதிய இடத்தில் புதிய துகள்கள் பிறக்கின்றன. பிறந்தவற்றில் பல அங்கேயே அழிந்துவிடும். தரை வரை வந்து சேருகிறவற்றில் முக்கியமானது மியூவான். எலெக்ட்ரானைப் போலவே இருக்கும். எடை மட்டும் இருநூறு மடங்குக்குச் சற்று அதிகம். இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் இடது உள்ளங்கையை விரித்து நீட்டிப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய நூறு மியூவான்கள் அதைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். வலிக்காது, தழும்பும் இராது. ஓடும், காங்கிரீட்டும், மேல்மாடிக்காரரும் அதற்கு ஒரு தடையே இல்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டால் நிமிஷத்துக்குச் சுமார் 10,000. இதுதான் நான் சொன்ன சத்தம்.

சொட்டு எது? அதற்கு நியூட்ரினோ என்று பெயர். அது முதலில் பிறந்தது ஒரு கடிதத்தில். 1930 டிசம்பர் 4-ஆம் தேதி, ஜெர்மனியில் டுபிங்கன் நகரத்தில் கூடவிருந்த விஞ்ஞானிகளுக்கு வுல்ஃப்காங் பௌலி ஒரு கடிதம் எழுதினார். சில அணுக்கரு மாற்றங்களில் சக்தியின் கணக்கு உதைத்தது. வரவுக்கும் செலவுக்கும் துண்டு விழுந்தது. கண்ணில் படாத, மின்சாரம் இல்லாத ஒரு சின்னத் துகள் அந்தச் சக்தியைத் தூக்கிக்கொண்டு போகிறதோ என்று பௌலி சந்தேகப்பட்டார். கூட்டத்துக்கு அவர் நேரில் போகவில்லை. ஜூரிச்சில் ஒரு நாட்டிய விருந்து இருந்தது. அதற்குப் போக வேண்டியிருக்கிறது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டார். உலகத்தின் மிகவும் கூச்சமுள்ள துகளை அறிமுகப்படுத்தியவர், அறிமுகக் கூட்டத்துக்கே போகாமல் நாட்டியம் பார்க்கப் போனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கூச்சம் என்று சொன்னேன். அது கொஞ்சநஞ்சக் கூச்சம் இல்லை. சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோக்கள் மட்டுமே நம் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒவ்வொரு விநாடியும் 6,500 கோடி வீதம் பாய்ந்துகொண்டிருக்கின்றன. பகலில் தலைக்கு மேலிருந்து வரும். இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு காலுக்குக் கீழேயிருந்து வரும். அவற்றில் ஒன்றை நிச்சயமாக நிறுத்திவிடலாம் என்று நம்பிச் சுவர் எழுப்ப வேண்டுமானால், ஒளி ஒரு வருஷத்தில் ஓடுகிற தூரத்துக்கு ஈயத்தை அடுக்கினாலும் போதுமென்று சொல்ல முடியாது. ஆனால் கோடானுகோடியில் ஒன்று, எப்போதாவது, கால் இடறி ஒரு அணுக்கருவில் மோதிவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

1956-ல் ரைன்ஸ், கோவன் என்ற இரு அமெரிக்கர்கள் ஓர் அணு உலையின் பக்கத்தில் காத்திருந்து நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். அது மனிதன் மூட்டிய அடுப்பிலிருந்து வந்தது. ஆகாயத்தில் தானாகப் பிறக்கிற நியூட்ரினோவை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்க முடியும், பூமிக்கு அடியில் ஆழத்தில் கருவி வைத்தால் முடியும் என்று 1960-ல் ரஷ்யாவில் மார்க்கோவும், அமெரிக்காவில் கிரைசனும் எழுதினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆகாயத்தில் மியூவானும் நியூட்ரினோவும் ஒரே வீட்டில், ஒரே பிரசவத்தில் பிறக்கிற பிள்ளைகள். ஒருவன் வாயாடி, மற்றவன் வாய் திறக்காதவன். வாய் திறக்காதவன் பாறையில் எப்போதாவது மோதினால் என்ன ஆகிறது தெரியுமா? அவன் மறைந்து, அந்த இடத்தில் ஒரு மியூவான் கிளம்புகிறது. அதாவது, தம்பி வந்ததற்கு அடையாளம் அண்ணனின் குரல்தான். ஆகாயத்திலிருந்து நேராக வந்து இரைச்சல் போடுகிற மியூவான்களுக்கு நடுவே, நியூட்ரினோவினால் பாறைக்குள் பிறந்த ஒரே ஒரு மியூவானை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? மேலேயிருந்து வருகிற அத்தனை மியூவான்களும் களைத்து நின்றுபோகிற ஆழத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு மியூவான் வந்தால், அது மேலேயிருந்து வந்தது இல்லை என்று சொல்லலாம். ஒன்றும் வராத இடத்தைத் தேடியது இதற்காகத்தான்.

அவ்வளவு ஆழமான பள்ளத்தை விஞ்ஞானிகள் தாங்களே தோண்டிக்கொள்ள முடியுமா? எந்தச் சர்க்கார் பணம் கொடுக்கும்? வேறு எதற்காகவோ, வேறு யாரோ தோண்டி வைத்த பள்ளம் வேண்டும்.

பங்காருப்பேட்டையில் பெரிய ரயிலை விட்டு இறங்கினால், அங்கிருந்து ஒரு கிளைப் பாதை தங்கவயலுக்குப் போகிறது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன்கள். பத்து வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்காக அந்த ரயிலில் போனேன். கர்நாடகத்துக்குள்தான் போகிறோம், ஆனால் பெட்டிக்குள் கேட்ட பேச்செல்லாம் வட ஆற்காட்டுத் தமிழ். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் குன்றுகள் தெரிந்தன. கடவுள் படைத்த குன்றுகள் இல்லை அவை. பாறையை இடித்துத் தூளாக்கி, சயனைடில் ஊற வைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய மண். 'சயனைடு மலை' என்று ஊரில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஒரு மலை அளவு மண் வெளியே கிடக்கிறதென்றால், உள்ளே எவ்வளவு பெரிய வெற்றிடம் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. அதன் பின் நூற்றிருபது வருஷம் தோண்டினார்கள். சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-லேயே அங்கே போய்ச் சேர்ந்தது. மைசூருக்கும் பெங்களூருக்கும்கூட அதற்குப் பிறகுதான் விளக்கு. துரைமார்களுக்கு பங்களாவும் கிளப்பும் வந்தன. பள்ளத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிக் கிளம்பிய ஏழை ஜனங்கள். பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலேயிருந்து அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். மேலேயுள்ள பாறையின் பாரம் தாங்காமல் சுரங்கத்துச் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறுவதும் உண்டு. சிதறிய கல்லில் போனவர்கள் ஒரு பக்கம்; கல்தூளைச் சுவாசித்து, நுரையீரல் இறுகி, மெதுவாகப் போனவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த இடத்துக்கு 1951-ல் பி. வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞர் வந்தார். பம்பாயில் ஹோமி பாபா 1945-ல் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் அவர் மாணவர். சுரங்கத்தில் பல ஆழங்களில் மியூவான்களை எண்ணி வரும்படி பாபா அனுப்பியிருந்தார். இறங்க இறங்க எண்ணிக்கை குறைந்தது. எண்ணுகிற வேலை வருஷக்கணக்கில் தொடர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி மூவரும் கருவியை இன்னும் கீழே, 2,760 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். மேலே சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்குப் பத்தாயிரம் என்றேனே, அங்கே இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை.

வேறு எந்த வேலையிலும் இது தோல்வி. வலை வீசி இரண்டு மாதம் ஒரு மீனும் அகப்படாத செம்படவன் வலையை எரித்துவிடுவான். இவர்களுக்கோ இதைவிட நல்ல செய்தி இருந்திருக்க முடியாது. வீடு அடங்கிவிட்டது. இனி ஏதாவது சொட்டினால், அது குழாய்தான்.

'இல்லை' என்று கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புத்தான் என்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. 1960-களின் கடைசியில் லூயிஸ் ஆல்வரெஸ் என்ற அமெரிக்கர் எகிப்தில் காஃப்ரே மன்னனின் பிரமிடுக்கு அடியிலிருந்த அறையில் மியூவான் கருவியை வைத்தார். மேலே கல்லுக்கு நடுவில் ரகசிய அறை ஏதாவது இருந்தால், அந்தத் திசையிலிருந்து மியூவான்கள் சற்று அதிகமாக வரும். அப்படி வரவில்லை. 'ஆல்வரெஸ் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையாம்' என்று ஊரார் சொன்னார்களாம். தாம் பார்த்த பகுதியில் அறை இல்லை என்று கண்டுபிடித்திருப்பதாக அவர் திருத்துவாராம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கதாசிரியனைவிடக் கணக்குப்பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

கோலாருக்குத் திரும்புவோம். டாட்டா நிலையத்தார், ஜப்பானின் ஒஸாக்கா நகரப் பல்கலைக்கழகத்தார், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் மூவரும் சேர்ந்து, ஹீத்கோட் ஷாஃப்ட் என்ற பகுதியில் 2,300 மீட்டர் ஆழத்தில் நியூட்ரினோவுக்காகக் கடை விரித்தார்கள். ஸ்ரீகண்டனோடு எம். ஜி. கே. மேனனும், டர்ஹாமிலிருந்து வுல்ஃபெண்டேலும் இதில் முக்கியமானவர்கள். கருவியை அவர்கள் அமைத்த விதத்தில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஆகாயத்து மியூவான் ஒன்றிரண்டு தப்பித் தவறி அந்த ஆழத்துக்கு வந்தாலும், ஏறக்குறைய நெட்டுக்குத்தாகத்தான் வர முடியும். சாய்ந்து வந்தால் கடக்க வேண்டிய பாறை இன்னும் அதிகம் அல்லவா? நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு பொருட்டில்லை. அது எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே பிறந்து, பூமியின் வயிற்றைக் கடந்து, கீழேயிருந்தும் வரும். ஆகவே கருவிகளைத் தரையில் பாய் போலப் பரப்பாமல், எதிரெதிராகச் சுவர் போல நிறுத்தினார்கள். துகள் பாய்ந்தால் மினுக்கென்று ஒளிவிடுகிற ஒருவகைப் பிளாஸ்டிக்கினால் செய்த சுவர். இரண்டு சுவரும் ஒரே சமயத்தில் மினுக்கினால், குறுக்கே ஏதோ ஓடியிருக்கிறது என்று அர்த்தம். உடனே நடுவே அடுக்கியிருக்கும் நியான் குழாய்களுக்கு மின்சாரம் பாயும். துகள் போன வழியில் இருக்கிற குழாய்கள் மட்டும் ஒளிரும். காமிரா அதைப் படம் பிடித்துக்கொள்ளும். இருட்டில் ஓடியவனின் காலடி படத்தில் விழுந்துவிடும்.

1965-ல் காலடி விழுந்தது. குறுக்காக ஓடிய காலடி.

அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்குக்குப் பக்கத்தில், 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான இன்னொரு தங்கச் சுரங்கத்தில், அணு உலைக்குப் பக்கத்தில் காத்திருந்த அதே ரைன்ஸ், ஸெல்ஷாப் என்ற தென்னாப்பிரிக்க விஞ்ஞானியோடு சேர்ந்து காத்துக்கொண்டிருந்தார். அவர்கள் கருவியில் முதல் அடையாளம் விழுந்தது 1965 பிப்ரவரி 23-ஆம் தேதி. கோலார்க்காரர்களின் கட்டுரை ஆகஸ்டு 15-ஆம் தேதி வெளியாயிற்று. ரைன்ஸ் கோஷ்டியின் கட்டுரை ஆகஸ்டு 30-ஆம் தேதி. முன்னால் பார்த்தவர்கள் அவர்கள். முன்னால் சொன்னவர்கள் இவர்கள். பந்தயத்தில் இப்படி முடிந்தால் இரண்டு பேருக்கும் கோப்பை கொடுத்துவிடுவதுதான் அழகு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. இரண்டு இடமும் தங்கச் சுரங்கம். அங்கே தோண்டியவர்கள் நிறவெறிச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த கறுப்பு மக்கள். இங்கே தோண்டியவர்கள் நம்முடைய சேரி ஜனங்கள். ஆகாயத்தின் மிக நுட்பமான செய்தியைக் கேட்பதற்கு வேண்டிய அமைதியை, பூமியில் மிகக் கீழே தள்ளப்பட்டவர்கள்தாம் தோண்டிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். பேச்சுக்கு நடுநடுவே இருமிக்கொண்டார். சாம்பியன் ரீஃபில் முப்பது வருஷம் வேலை செய்தவராம். எனக்கு வேறு பேச்சு ஏது? நியூட்ரினோ ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டேன். பேர் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் குழாய் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுவா? நான் வேலைக்குச் சேந்த புதுசு சார். கேஜில பொட்டி பொட்டியா எறக்கினோம். அத்தனையும் கண்ணாடிக் கொழாய். 'பாத்து, பாத்து'ன்னு பாம்பே சாருங்க பின்னாலயே ஓடியாந்தாங்க. ஜப்பான்காரரு ஒர்த்தரு, வெள்ளைக்காரரு ஒர்த்தரு, எல்லாரும் வருவாங்க."

"எதற்காக என்று நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்டோம். வானத்துலேர்ந்து ஏதோ வருது, அதப் புடிக்கறதுக்குன்னு சொன்னாங்க. வானத்துலேர்ந்து வர்றதப் புடிக்கணும்னா மொட்டை மாடிக்கு இல்ல போவணும்? இங்க இன்னாத்துக்கு எறங்கி வர்றாங்கன்னு எங்களுக்கு ஒரே சிரிப்பு."

சொட்டுகிற குழாயைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுரங்கத்துக்குள் இருந்தவருக்கு அமைதி என்றால் என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரியும். பாறை வெடிப்பதற்கு முன்னால் உள்ளே நறநறவென்று மெல்லச் சத்தம் கேட்குமாம். அதைக் கேட்பதற்காக எல்லோரும் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்து நிற்பார்களாம். கேட்டவன் பிழைத்தான்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது கெடச்சுதா சார்?" என்றார்.

"எது?"

"அவங்க தேடி வந்தது."

ஐம்பது வருஷமாக அவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை! பெட்டியை இறக்கியது தெரியும், அடுக்கியது தெரியும், பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. "கிடைத்தது. உலகத்துக்கே அவர்கள்தாம் முதலில் சொன்னார்கள்" என்றேன்.

"எத்தினி கெடச்சுது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "முதல் தடவை சொன்னபோது, எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே போதும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையை மெல்ல ஆட்டினார்.

"ஒரு டன்னு கல்ல ஒடச்சா, ஒரு மூக்குத்திக்கு ஆவற அளவு தங்கம் வரும் சார். அதுக்கும் ஒடச்சிக்கினுதானே இருந்தோம்" என்றார்.

பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நியூட்ரினோ ஆராய்ச்சியைப் பற்றி நான் படித்த எதிலும், விஷயம் இவ்வளவு சுருக்கமாக விளங்கியதில்லை.

அதற்குப் பிறகு உலகத்தில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், ரே டேவிஸ் என்பவர் துணி வெளுக்கிற திரவத்தை 3,80,000 லிட்டர் ஒரு தொட்டியில் நிரப்பிக்கொண்டு சூரியனின் நியூட்ரினோக்களுக்காகக் காத்திருந்தார். வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. 1968-லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் புதிர் நீடித்தது. ஜப்பானில் கமியோகா சுரங்கத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று பார்ப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். புரோட்டான் சிதையவில்லை. 1987 பிப்ரவரி 23-ஆம் தேதி, நம் நட்சத்திர மண்டலத்துக்கு வெளியே வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து பதினோரு நியூட்ரினோக்கள் வந்து அகப்பட்டன. அழைத்த விருந்தாளி வராமல், அழைக்காத விருந்தாளி வந்தார். வந்தவரை அவர்கள் நன்றாக உபசரித்தார்கள். அதே இடத்தில் பிற்பாடு கட்டிய பெரிய தொட்டியில், ஆகாயத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் வழியில் வேஷம் மாறுகின்றன என்று 1998-ல் கண்டார்கள். கோலாரில் முதன்முதலாகப் பிடிபட்ட அதே வகை நியூட்ரினோதான். சூரியனின் நியூட்ரினோக்களும் அப்படித்தான் மாறுகின்றன என்று கனடாவில் ஒரு நிக்கல் சுரங்கத்தின் அடியில் இருந்த நிலையம் நிரூபித்தது. டேவிஸின் புதிர் அவிழ்ந்தது. வேஷம் மாறுகிறதென்றால் அதற்கு எடை இருக்க வேண்டும். எடையே இல்லை என்று எண்ணியிருந்த சாஸ்திரத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. டேவிஸுக்கும் கமியோகாவின் கோஷிபாவுக்கும் 2002-லும், கஜிட்டாவுக்கும் கனடாவின் மக்டொனால்டுக்கும் 2015-லும் நோபல் பரிசு கிடைத்தது.

தங்கம், துத்தநாகம், நிக்கல் என்று யாரோ எதற்கோ தோண்டிய பள்ளங்கள்தாம் எல்லாம்.

கோலாரிலும் 1980-லிருந்து புரோட்டானுக்காகக் காத்திருந்தார்கள். இரும்பும் கருவிகளுமாக நூறு டன்னுக்கு மேல் அடுக்கிக் காத்தார்கள். ஆனால் மேலே தங்கத்தின் கணக்கு உதைக்க ஆரம்பித்துவிட்டது. எடுக்கிற செலவு, கிடைக்கிற தங்கத்தின் விலையை மிஞ்சிற்று. ஆழத்திலுள்ள பகுதிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சி நின்றது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கமே மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகள் நின்றதும் ஊற்று நீர் மெல்ல மேலே ஏறி, நூற்றிருபது வருஷம் தோண்டிய வெற்றிடத்தை நிரப்பிவிட்டது. முதல் காலடி விழுந்த அறை இன்று தண்ணீருக்குள் இருக்கிறது.

அதற்குப் பதிலாக ஒரு புது நிலையம் நம் தேனி ஜில்லாவில், போடிக்குப் பக்கத்திலுள்ள பொட்டிப்புரத்து மலைக்குள் அமைப்பதாகத் திட்டம் போட்டார்கள். மத்திய சர்க்கார் 2015-ல் சம்மதம் கொடுத்தது. மலைக்கும், காட்டுக்கும், தண்ணீருக்கும் என்ன ஆகுமோ என்று ஊர் ஜனங்கள் எதிர்த்தார்கள். வழக்கும் வந்தது. அங்கே அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. இதில் யார் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. கோலாரில் விஞ்ஞானிகள் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளம் தயாராக இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. பொட்டிப்புரத்தில் பள்ளத்தையே புதிதாகத் தோண்ட வேண்டியிருந்தது. 'எதற்கு? எங்களுக்கு என்ன ஆகும்?' என்ற கேள்வி அங்கேதான் முதன்முதலாக உரக்கக் கேட்டது. அதைக் கேட்டவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு டன் கல்லுக்கு ஒரு மூக்குத்தி என்று கணக்கை அளந்து சொன்ன மனிதரைப் பார்த்த பிறகு, அந்தச் சுலபமான வார்த்தை என் வாயில் வர மறுக்கிறது.

நியூட்ரினோவுக்கு நம்மிடம் ஒரு வேலையும் இல்லை. அது யாரையும் குளிர வைப்பதுமில்லை, சுடுவதுமில்லை. யாருக்கும் சோறு போடுவதுமில்லை. ஆனாலும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனிதனுக்கு ஆசை வருகிறதே, அந்த ஆசை படித்தவர்களுக்கு மட்டும் சொந்தமென்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில்லை. அதற்கு ஒரு சாட்சியும் எனக்குக் கிடைத்துவிட்டது. 1965-ல் வந்த அந்தக் கட்டுரையின் தலையில் பதினொரு பேர்களின் பெயர்கள் இருக்கின்றன. அத்தனையும் மரியாதைக்குரிய பெயர்கள். அந்தப் பட்டியலில் தம் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும் என்று பெட்டி இறக்கிய மனிதர் கேட்கவில்லை. கிடைத்ததா என்று மட்டும்தான் கேட்டார். அந்தப் பதில், ஐம்பது வருஷம் கழித்து, பந்திக்குக் காத்திருந்த ஒரு கதாசிரியன் வாயிலாகத்தானா போய்ச் சேர வேண்டும்?